இத்தாலியில் குடித்தனம்: வாசகர் கேள்வி–பதில்

இத்தாலியில் குடியேறிய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றியவை. அதனால் இந்த முறை வீட்டையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வாஷிங் மெஷின் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் வீடு முழுவதும் இருட்டாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் பெட்டியில் எந்த சுவிட்சும் கீழே விழவில்லை. வயரிங் கோளாறா? (வாசகி, பொலோனியா)

பதில்: வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின் ஒப்பந்தமே 3 கிலோவாட்தான். அந்த அளவை மீட்டரே கண்காணிக்கிறது. 3.3 வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விடும், 4 வரை கொஞ்ச நேரம் பொறுக்கும், அதற்கு மேல் போனால் ஓரிரு நிமிடத்தில் துண்டித்துவிடும். தண்ணீரைச் சூடாக்கும்போது வாஷிங் மெஷின் சுமார் 2 கிலோவாட் இழுக்கும். கெட்டில் இன்னொரு 2. ஃபிரிட்ஜும் விளக்குகளும் சேர்ந்ததும் கணக்கு 4-ஐத் தாண்டிவிடுகிறது.

முதலில் கெட்டிலை அணையுங்கள். பிறகு மீட்டரிடம் போய் நெம்புகோலை மேலே தள்ளுங்கள். பல கட்டடங்களில் மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்திலோ நிலவறையிலோ வரிசையாக இருக்கும். உங்களுடையது எது என்பதைப் பகலிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வாசற்கதவு சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். இரவு உடையில் படிக்கட்டில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

வாஷிங் மெஷின் அதிக மின்சாரம் இழுப்பது தொடக்கத்தில் தண்ணீர் சூடாகும் வரைதான். அதன் பிறகு டிரம் சுற்றச் சில நூறு வாட் போதும். அரை மணி கழித்து ஓவனோ கெட்டிலோ போட்டால் தகராறு வராது. மீட்டரில் உள்ள பொத்தானை அழுத்தினால் அந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்று திரையில் தெரியும். ஒருநாள் ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பாருங்கள்; வீட்டின் கணக்கு கைக்கு வந்துவிடும்.

உள்பெட்டியில் ‘T’ என்று குறித்த சோதனைப் பொத்தானோடு ஒரு சுவிட்ச் இருக்கும். இங்கே அதை ‘சல்வவீத்தா’, உயிர்காப்பான் என்பார்கள். விழுவது அதுவாக இருந்தால் கதை வேறு: எங்கோ மின்கசிவு இருக்கிறது. எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதை மேலே தள்ளி, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஒன்றுமே செருகாதபோதும் விழுந்தால்தான் எலக்ட்ரீஷியன் வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் மின் நிறுவனத்திடம் சொல்லி 4.5 கிலோவாட்டுக்கு மாறுவது நல்லது. 6 வரை அரை அரை கிலோவாட்டாகக் கூட்டிக்கொள்ளலாம். பில்லில் நிலையான கட்டணமும் கூடவே ஏறும். கேஸ் அடுப்பு என்றால் 3 போதும்.

கேள்வி: ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சியை அடாப்டர் போட்டு ஓட்டலாமா? (அதே வாசகி)

பதில்: மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் இந்தியாவில் உள்ளவைதான், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் பிளக்கில்தான். இத்தாலியில் மூன்று முள் ஒரே வரிசையில் இருக்கும், அதிலும் 10 ஆம்பியருக்கு மெல்லியது, 16 ஆம்பியருக்குத் தடித்தது. ஜெர்மன் பாணி வட்டப் பிளக் தனி. வெறும் மூன்று துளை சாக்கெட்டில் அது நுழையாது. மலிவான பயண அடாப்டர்களில் எர்த் தொடர்பே இருப்பதில்லை, மிக்சியின் அதிர்வில் ஆடி ஆடிச் சூடேறும். ஹார்டுவேர் கடையில் இத்தாலியப் பிளக் ஒன்று வாங்கி, பழையதை வெட்டிவிட்டு, பச்சை வயரை எர்த்தில் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் மூலையெல்லாம் கருத்துப்போய்விட்டது. வீட்டுக்காரர் “நீங்கள் சமைப்பதால்தான்” என்கிறார். பெயிண்ட் அடித்தும் இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. (வாசகர், மிலான்)

பதில்: சமையல் மட்டும் காரணமில்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. அறையில் 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 13 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த சுவரில் தண்ணீர் முத்துமுத்தாகப் படியும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம். சுவர் 16, 17 டிகிரியில் இருந்தாலே அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டுவிடும். அது போதும், முளைத்துவிடும். வெளிச்சுவரும் வெளிச்சுவரும் சேரும் மூலைதான் வீட்டிலேயே குளிர்ந்த இடம். அங்கே பீரோவை ஒட்டி நிறுத்தினால் ஹீட்டரின் சூடும் போகாது, காற்றும் போகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு தடவை துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. மூடி போடாமல் கொதிக்கும் சாம்பார், இட்லி ஆவி, வெந்நீர்க் குளியல் எல்லாம் அதற்கு மேல். நம் ஊரில் ஜன்னல் எப்போதும் திறந்தே கிடப்பதால் இது கண்ணில் பட்டதே இல்லை. இங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒரு பொட்டு ஆவியையும் வெளியே விடாது.

பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். வெளிச்சுவரை விட்டு உள்சுவர் பக்கம் மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. தினமும் மூன்று முறை, ஹீட்டரை அணைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். குளிர்காலத்தின் வெளிக்காற்றில் நீராவி குறைவு. உள்ளே வந்து சூடானதும் அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஜன்னலை நாள் முழுக்கச் சாய்த்து வைப்பது வீண் வேலை. சுவர் குளிர்ந்துபோகும், பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி வையுங்கள். 60-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்கும் நேரம்.

கருத்த இடத்தைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டு, ‘கந்தெஜ்ஜீனா’ எனும் பிளீச்சைத் தடவி, கால் மணி கழித்து ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சோடு வினிகரையோ, உப்புக்கறை நீக்கும் திரவத்தையோ, அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. விஷ வாயு வரும். பெயிண்ட் இதற்கெல்லாம் பிறகுதான். இவ்வளவு செய்தும் தரையை ஒட்டியோ குழாயை ஒட்டியோ மட்டும் கறை வந்தால் அது கசிவு. அதைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். தேதியோடு படம் எடுத்து, எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

கேள்வி: எங்கட குசினிச் சுவரில வட்டமா ஒரு ஓட்டையும் அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் மூடியும் இருக்கு. குளிர்காத்து உள்ள அடிக்குது. துணி வச்சு அடைக்கலாமோ? (வாசகி, பலெர்மோ)

பதில்: அடைக்கவே கூடாது அம்மா. ஏற்கெனவே அடைத்திருந்தால் இதைப் படித்த கையோடு எடுத்துவிடுங்கள். கேஸ் அடுப்பு உள்ள சமையலறைக்குச் சட்டப்படி போட வேண்டிய காற்றுத் துளை அது. திறப்பு குறைந்தது 100 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அடுப்பு எரியப் புதுக் காற்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமையலறையில் பழைய மாதிரி வெந்நீர் பாய்லரும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. தலைவலி, குமட்டல், வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அசதி, சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவது, இவற்றில் எதைக் கண்டாலும் கேஸை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். காற்று நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பிவிடும் மூடிகள் கடையில் உண்டு, டெக்னீஷியனைக் கேட்டு மாட்டலாம்.

கேள்வி: இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. இட்லி அரிசியும் கிடைக்கவில்லை. (வாசகி, தோரினோ)

பதில்: சூப்பர் மார்க்கெட்டில் ‘பார்பாயில்டு’ என்று அச்சிட்ட, லேசாக மஞ்சள் நிறத்தில் இருக்கும் அரிசிதான் நம் புழுங்கலரிசி. சாலட்டுக்காக விற்பார்கள். ரிசோத்தோ அரிசிகளான ஆர்போரியோ, கார்னரோலி பக்கம் போகாதீர்கள், இட்லி பிசின்போல் வரும். நான்கு பங்கு பார்பாயில்டுக்கு ஒரு பங்கு முழு உளுந்து. உளுந்து தெற்காசியக் கடைகளில் இருக்கும்.

மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். உங்கள் சமையலறை குளிர்காலத்தில் 18 இருந்தாலே அதிகம். ஓவனை ஓட்டாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு, உள்ளே மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்துங்கள். பழைய குண்டு விளக்கு இருந்தால் அந்தச் சூடே போதும், 10 முதல் 14 மணி நேரத்தில் மாவு ஏறிவிடும். எல்இடி விளக்கு சூடு தராது. பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்து, ஆறியதும் மாற்றுங்கள். பலர் அவசரப்பட்டு ஓவனை 50 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். அதில் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், ஓரத்து மாவும் வெந்துவிடும். ஓவனில் மாவு இருப்பதைக் கதவில் சீட்டு ஒட்டி எழுதிவையுங்கள். வேறு யாராவது பார்க்காமல் ஓவனைச் சூடாக்கிவிடுவார்கள்.

கேள்வி: நவம்பர் பிறந்துவிட்டது, குளிர்கிறது. கட்டடத்தின் ஹீட்டர் இன்னும் வரவில்லை. (வாசகர், நாப்போலி)

பதில்: ஹீட்டர் எப்போது ஓடலாம் என்பதற்கு ஊரின் தட்பவெப்பப் பிரிவுப்படி அரசு விதி இருக்கிறது. நாப்போலிக்கு நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை, ஒரு நாளில் 10 மணி நேரம். ரோமுக்கு நவம்பர் 1-ல் தொடங்கும், மிலானுக்கு அக்டோபர் 15. பலெர்மோவில் டிசம்பர் 1 வரை பொறுக்க வேண்டும். அசாதாரணக் குளிர் வந்தால் நகராட்சி முன்கூட்டியே அனுமதிப்பதுண்டு.

கேள்வி: படிப்பதற்காக வந்து ஐந்து நாளாகிறது. வசிப்பு அனுமதிக்கு எப்போது விண்ணப்பிப்பது? டிசம்பரில் சென்னை போய்வர டிக்கெட் போடலாமா? (மாணவர், ரோம்)

பதில்: நாட்டுக்குள் வந்ததிலிருந்து எட்டு வேலை நாட்களுக்குள். இன்றே கிளம்புங்கள். இதற்கான கவுண்டர் உள்ள தபால் நிலையத்தில் ‘பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ’ (வசிப்பு அனுமதி) கிட், அதாவது விண்ணப்பப் படிவங்கள் உள்ள உறை, கேட்டால் இலவசமாகத் தருவார்கள். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். நம்மில் பலருக்கு இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறிவிடும். ஒருமுறை தவறினால் வரி எண், வங்கி, காப்பீடு எல்லாவற்றிலும் அந்தத் தவறு தொடரும். ‘T’ பலகை மாட்டிய தபாக்கி எனும் புகையிலைக் கடையில் 16 யூரோவுக்கு வருவாய் முத்திரை (ரெவின்யூ ஸ்டாம்ப்) வாங்குங்கள். ஓராண்டு வரையிலான அனுமதிக்குச் செலுத்துச்சீட்டில் 70.46 யூரோ, கவுண்டரில் தபால் கட்டணம் 30. உறையை ஒட்டாமல் கொடுங்கள். உள்ளே இருப்பதைச் சரிபார்த்து அவர்களே மூடுவார்கள்.

அங்கே தரும் ரசீதும், காவல் துறை அலுவலகத்தில் கைரேகை வைக்கும் தேதிச் சீட்டும் உயிர்போல முக்கியம். டிசம்பரில் விசா காலம் முடிந்து, கையில் ரசீது மட்டும் இருக்குமானால், பிராங்க்பர்ட், பாரிஸ் போன்ற வேறு ஷெங்கன் நகரம் வழியாக டிக்கெட் போடாதீர்கள். அங்கே அந்த ரசீது செல்லாது. துபாய், தோஹா போன்ற ஊர்கள் வழியாக நேரே இத்தாலியில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். ரசீதையும் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: கோடையில் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தும் வீடு அடுப்பாகக் கொதிக்கிறது. சீலிங் ஃபேனும் இல்லை. (வாசகி, பாரி)

பதில்: திறந்து வைப்பதால்தான் கொதிக்கிறது. இங்கே காலை ஒன்பது மணிக்குள் ஜன்னலையும் வெளிப்புறச் சட்டரையும் மூடிவிட வேண்டும். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அதைத் தடுப்பது சட்டர்தான். உள்ளே தொங்கும் திரைச்சீலைக்கு அந்தச் சக்தி கிடையாது, சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்த பிறகு, அதாவது இரவில், எல்லாவற்றையும் திறந்து விடியும் வரை சுவர்களை ஆறவிடுங்கள். ஃபேனையும் அப்போது ஜன்னலைப் பார்த்து வையுங்கள், சூடான காற்றை வெளியே தள்ளட்டும். பக்கத்து வீடுகளில் பட்டப்பகலில் சட்டர் மூடியிருப்பதைப் பார்த்து ஊருக்குப் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், உள்ளேதான் இருக்கிறார்கள்.