ரூபி சாப்பிடப் போகலாமா? லண்டன் கொச்சைமொழி பற்றிக் கேள்வி பதில்

அண்ணா, லண்டனில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் “வெள்ளிக்கிழமை ஒரு ரூபி?” என்றார். நானும் சரி என்றுவிட்டேன். எதற்குச் சரி சொன்னேன்?

பயப்படாதீர்கள், கறி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். ரூபி மர்ரி பெல்ஃபாஸ்டில் பிறந்த பாடகி. 1955 மார்ச்சில், ஒரே வாரத்தில் அவருடைய ஐந்து பாட்டுகள் பிரிட்டனின் முதல் இருபதில் இருந்தன. மர்ரி, கர்ரி இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன அல்லவா, அதனால் கர்ரிக்குப் பதில் அவர் பெயரைச் சொல்கிறார்கள், அதுதான் சங்கதி. அந்தக் ‘கர்ரி’யோ நம் ஊர்க் கறி, போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. சொந்தச் சொல்லே வேஷம் போட்டு வந்ததால் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை!

அப்படியானால் ‘மர்ரி’ என்றல்லவா சொல்ல வேண்டும்?

விளையாட்டே அங்கேதான். ஒலி ஒத்துப்போகும் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் சொல்வார்கள். தமிழில் செய்து பார்ப்போம்: மாடிக்கு ‘ஆட்டுத் தாடி’ என்று பெயர் வைத்து, தாடியை மழித்துவிட்டு, “ஆட்டில் ஏறி வா” என்றால் வெளியாளுக்கு என்ன புரியும்? லண்டனில் படிக்கட்டு ‘ஆப்பிள்ஸ்’ ஆனது இப்படித்தான். வெட்டுப்பட்ட வால் ‘பேர்ஸ்’, அது ‘ஸ்டேர்ஸ்’ஸோடு சேரும். இப்படிக் கடைசி ஒலி ஒத்துப்போவதற்கு நம் யாப்பில் பெயர் இயைபு. எதுகை என்று எழுதுகிறவர்கள் திருத்திக்கொள்ளவும்.

இது திருடர் பாஷைதானே சார்?

திருடர்களும் பேசியிருக்கலாம். ஆனால் 1859-இல் கொச்சைச் சொல் அகராதி போட்ட ஜான் காம்டன் ஹாட்டன், லண்டனின் செவன் டயல்ஸ் பக்கம் தெருவில் பாட்டுத்தாள் விற்றவர்களையும் வாய்ஜாலம் காட்டிச் சரக்கு விற்றவர்களையும்தான் கைகாட்டுகிறார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நாளெல்லாம் கூவி விற்கிறவனுக்குச் சொல் விளையாட்டு தானாக வரும்.

ஆபீசில் நானும் பேசலாமா?

ரூபி, ஆப்பிள்ஸ் எல்லாம் தாராளமாக. ‘ராஸ்பெரி’யில் கொஞ்சம் நிதானம். நாக்கை நீட்டிப் ‘புர்ர்’ என்று ஊதுவதற்கு அந்தப் பெயர். முழு வடிவம் ‘ராஸ்பெரி டார்ட்’. டார்ட்டோடு ஒலிக்கும் சொல் வேறொன்றுமில்லை, ‘ஃபார்ட்’, அதாவது குசு. மட்டமான படங்களுக்கு அமெரிக்காவில் 1981 முதல் கொடுக்கிற ராஸ்பெரி விருதுக்கும் பெயர் இந்தப் புர்ர்-தான். ‘பெர்க்’ மட்டும் வேண்டவே வேண்டாம். முட்டாள் என்று செல்லமாகத் திட்டுவதுபோல் இருக்கும். அதன் வாலோடு ஒலிக்கும் சொல்லை இங்கே எழுத எனக்குக் கை வராது.