ஆறு மீட்டர் கராஜில் எந்த மேசை?

கேள்வி: என் 15 வயது மகன் தாய்மாமா வீட்டில் பூல் ஆடிப் பழகியவன். இப்போது டிவியில் ஸ்நூக்கர் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறான். எங்கள் கராஜ் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆட்டம்தானே? எந்த மேசை வாங்கலாம்? (சாட்ஸ்வொர்த், டர்பன் வாசகி)

பதில்: முதலில் இடத்தைப் பார்ப்போம், சகோதரி. முழு ஸ்நூக்கர் மேசை 12 அடிக்கு 6 அடி. அது உங்கள் கராஜில் தாராளமாக நிற்கும். அடிக்கிறவர்தான் நிற்க முடியாது. பந்தை அடிக்கும் கோலான கியூ ஏறத்தாழ 1.47 மீட்டர். பந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த நீளம் முழுவதும் மேசைக்கு வெளியே வரும். நாலு பக்கமும் கணக்குப் போட்டால் 6.5க்கு 4.8 மீட்டர் வேண்டும். 7 அடி பூல் மேசைக்கு 4.8க்கு 3.9 போதும். அகலத்தில் 10 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது, அதனால் சுவரோரம் அலமாரி, சைக்கிள் எதுவும் வேண்டாம். விரலுக்கேத்த வீக்கம் 7 அடிதான்.

சரி, ஒரே ஆட்டமா என்றால், இல்லை. இங்கே பப்களில் ஆடும் பிளாக்பால் என்ற பூல் வகையில் 7 சிவப்பு, 7 மஞ்சள், ஒரு கறுப்பு. உங்கள் நிறப் பந்துகளைக் குழியில் போட்டு முடித்துக் கடைசியில் கறுப்பைப் போட்டால் வெற்றி. அவசரப்பட்டு முன்பே போட்டால் ஆட்டமே போச்சு. புள்ளிக் கணக்கு கிடையாது. ஸ்நூக்கரில் 15 சிவப்பு, 6 வண்ணப் பந்துகள். ஒரு சிவப்பு போட்ட பிறகுதான் ஒரு வண்ணம். சிவப்பு குழிக்குள்ளேயே தங்கிவிடும், வண்ணத்தை எடுத்து மேசையில் அதற்குரிய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். மஞ்சளுக்கு 2 புள்ளி, கறுப்புக்கு 7. ஒவ்வொரு சிவப்புக்கும் கறுப்பையே போட்டு, கடைசியில் ஆறு வண்ணங்களையும் வரிசையாக முடித்தால் 147.

அப்புறம், தவறு செய்தால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி. அதனால் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் ஒளித்து எதிராளியைத் திணறவைப்பதே ஒரு தனிக் கலை. நம் தென்னாப்பிரிக்காவின் ஸ்நூக்கர் வீரர் பெர்ரி மான்ஸ் 1979இல் மாஸ்டர்ஸ் போட்டியில் பட்டம் வென்றபோது போட்டி முழுக்க ஒரு தடவைகூடத் தொடர்ச்சியாக 50 புள்ளி எடுக்கவில்லை. தூரத்துப் பந்தைப் போடுவார், இல்லையென்றால் எதிராளிக்கு ஒன்றும் விட்டுவைக்க மாட்டார். உங்கள் மகனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். (இந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளிடையே பிறந்தது, விதிகள் உருப்பெற்றது நம் ஊட்டியில்.)

பூலில் அவன் பழகியது வீணாகாது. அமெரிக்க பூலின் 57 மில்லிமீட்டர் பந்து, வெட்டிவிட்டாற்போன்ற குழிவாய் எல்லாம் வேறு வகை. பிளாக்பால் பந்து 51, ஸ்நூக்கர் பந்து 52.5, குழிவாய் இரண்டிலும் உருண்டைதான். கியூகூட மாற்ற வேண்டாம். 9 மில்லிமீட்டர் முனை இரண்டுக்கும் பொருந்தும். மாறுவது தூரம். மாமா வீட்டு மேசையில் உள்ளே விழும் பந்து, அதே குறியில் இரண்டு மடங்கு தூரம் போனால் பிழையும் இரண்டு மடங்காகும். குழிவாயின் இரு பக்கமும் தட்டித் துடித்துவிட்டு வெளியே நின்றுவிடும்.

ஆகவே என் யோசனை: 7 அடி மேசை, அடித்தளம் கற்பலகை. கூடவே 2 அங்குல ஸ்நூக்கர் பந்து செட் ஒன்று வாங்கி, சிவப்பில் மட்டும் 15க்குப் பதில் 6 வைத்து ஆடட்டும். சிறிய மேசைக்கு அது அளவானது. மாதம் ஓரிரு முறை முழு மேசை உள்ள கிளப்புக்கு அழைத்துப்போங்கள்.

பப்பில் இருந்து கழித்த, காசு போடும் மேசை மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். விழுந்த பந்து உள்ளேயே அடைபட்டுவிடும், வண்ணத்தைத் திரும்ப எடுத்து வைக்க முடியாது. அதில் வெள்ளைப் பந்து மற்றவற்றைவிடச் சிறியதாகவும் இருக்கும்.

கராஜ் தரை பெரும்பாலும் கதவுப் பக்கம் தண்ணீர் வடியச் சரிவாகவே இருக்கும். மேசையை வைத்ததும் ஒரு பந்தைக் கையால் மெல்ல உருட்டிவிடுங்கள், நாலு திசையிலும். கடைசி ஒரு சாணில் அது வளைந்தால், பொருத்த வந்தவர் கிளம்புவதற்கு முன்பே கால்களைத் திருகிச் சமப்படுத்தச் சொல்லுங்கள்.