பெற்றோல் பம்பியை மாற்றப் பின் இருக்கையின் கீழே தரையை வெட்டலாமா?

“தாங்கிக்குள் இருக்கும் பெற்றோல் பம்பி பழுதாகிவிட்டது. தாங்கியை இறக்காமல், பின் இருக்கையின் கீழுள்ள தரைத் தகட்டை வெட்டி, அந்த வழியால் பம்பியை மாற்றலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். மாங்குளத்துக்கு அண்மையில் உள்ள எங்கள் வீட்டு முற்றத்தில், 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், என் காருக்கு அதைத்தான் செய்தேன். வாகனத்தை உயர்த்தும் பொறி இல்லாத இடத்தில், தாங்கியைப் பிடித்திருக்கும் துருவேறிய பட்டிகளின் ஆணிகளோடு மல்லுக்கட்டி, புகைக்குழாயையும் கைத்தடை வடங்களையும் கழற்றி, பெற்றோல் தளம்பும் தாங்கியை ஜக்கும் பலகையும் வைத்து இறக்குவதைவிட, ஒழுங்காக எடுத்த ஒரு வழி பாதுகாப்பானது என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வெட்டுவதைவிட மூடுவதில்தான் கூடிய கவனம் வேண்டும். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோல் தாங்கிக்கும் நடுவில் அந்தத் தகடுதான் சுவர்.

முதலில், வெட்டத்தான் வேண்டுமா என்பதை உறுதிசெய்யுங்கள். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே அமைத்த மூடி ஒன்று பின் இருக்கையின் கீழ் இருக்கும். கம்பளத்தைத் தூக்கியவுடன் அது தெரியாமல் போகலாம். சத்தத்தைக் குறைப்பதற்காக ஒட்டிய கருந்தார்ப் படலம் அதை மறைத்திருக்கும். மல்லாவியில் உறவினர் ஒருவர் வெண்கட்டியால் கோடு போட்டு, தகரம் வெட்டும் கத்தரியையும் கையில் எடுத்துவிட்டார். அந்தப் படலத்தின் ஓரத்தைக் கரண்டிக் காம்பால் நெம்பிப் பார்த்தபோது, அவர் போட்ட கோட்டுக்கு நான்கு விரல் தள்ளி, நான்கு திருகாணிகளோடு முட்டை வடிவ மூடி இருந்தது.

வாகனத்தின் வகையை நீங்கள் குறிப்பிடாததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹைபிரிட் கார் என்றால் தரையில் கத்தரியே வைக்க வேண்டாம். எங்கள் வீதிகளில் நிறைய ஓடும் ரொயோட்டா அக்வாவில் 144 வோல்ற் பற்றரி அடுக்குப் பின் இருக்கையின் கீழேயே இருக்கிறது. செம்மஞ்சள் உறையிட்ட வயர் எங்கே தெரிந்தாலும் அது உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம். ஹொண்டா பிற் காரில் தாங்கி முன் இருக்கைகளின் கீழ் இருப்பதால், பின்னால் வெட்டிப் பயனில்லை.

பழுதானது பம்பிதானா என்பதையும் பார்த்துவிடுங்கள். திறப்பைத் திருப்பியதும் பின்பக்கத்தில் இரண்டு மூன்று செக்கனுக்கு மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, எர்த் வயர் ஆகியவற்றைச் சோதித்து, பம்பிக்குப் போகும் வயரில் அந்தச் சில செக்கன்களில் 12 வோல்ற் வருகிறதா என்று மீற்றரால் அளந்து பாருங்கள். மின்சாரம் வந்தும் சத்தம் இல்லையென்றால் பம்பியைச் சந்தேகிக்கலாம். என் பம்பி கருகியதற்குப் பெரும்பாலும் 2022 ஆம் ஆண்டு இலங்கையில் வந்த எரிபொருள் தட்டுப்பாடுதான் காரணம். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் மட்டுமே கிடைத்ததால், மாதக்கணக்காக அடிமட்டத்திலேயே ஓடினேன். தாங்கிக்குள் இருக்கும் பம்பியைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெற்றோல்தான். அது குறையும்போது பம்பி காய்கிறது. போதாததற்குக் கலன்களில் சேமித்து ஊற்றிய பெற்றோலோடு போன துருவும் மண்ணும் அதன் வடிகட்டியை அடைத்திருந்தன.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது அப்பா மண்ணெண்ணெயில் ஓட்டிய மொறிஸ் மைனரில் பம்பி எஞ்சின் பக்கத்திலேயே இருந்தது. நின்றுவிட்டால் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்ட, மறுபடியும் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கும். இன்றைய காரில் குழாய்க்குள் பெற்றோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. பம்பி நின்ற பிறகும் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கக்கூடும் என்பதால், பம்பியின் பியூஸைக் கழற்றி எஞ்சினைச் சில தடவை சுழற்றிவிட்டு, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, குழாய் மூட்டைத் துணியால் பொத்திக்கொண்டுதான் இளக்க வேண்டும்.

இனி வெட்டுவது. தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. வெறுமையாகத் தோன்றும் தாங்கி முழுவதும் அந்த ஆவிதான் நிறைந்திருக்கும். பழைய இறப்பர் வளையத்தால் கசிந்தால் அது தரையோடு தவழ்ந்து, பக்கத்து அடுப்பையோ நுளம்புத் திரியையோ தேடிப்போகும். ஆகவே கிரைண்டரும் மின்சார வாளும் வேண்டாம். குழிக்குள் வைத்தும், மூடிய கராஜுக்குள் வைத்தும் செய்ய வேண்டாம். காற்றோட்டமான வெளியில், உலர்தூள் தீயணைப்புக் கலனைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கையால் சுற்றும் துறப்பணத்தில் எண்ணெய் விட்டு மெதுவாக முதல் துளையை எடுத்து, மிகுதியைக் கத்தரியால் வெட்டுங்கள். எனக்கு அரை நாள் பிடித்தது, உள்ளங்கை கொப்புளித்தது, ஆனால் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

எங்கே வெட்டுவது என்பதை ஊகத்தால் தீர்மானிக்கக் கூடாது. மேலிருந்தும் கீழிருந்தும் தெரியும் ஒரு புள்ளி தேவை. நான் தரையிலிருந்த இறப்பர் அடைப்பு ஒன்றைக் கழற்றி, அதன் வழியே கம்பியை இறக்கி, அந்தக் கம்பியிலிருந்து பம்பித் தலைக்கு உள்ள தூரத்தைக் கீழே படுத்துக்கொண்டு அளந்தேன். தாங்கியின் மேற்பரப்பு தகட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில்கூட இருக்கலாம். இடையில் குழாய்களும் வயர்களும் ஓடும். கத்தரியின் கீழலகு ஆழமாக இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோல் மட்டத்தை அளக்கும் மிதவைத் தண்டோடு பம்பி சரிந்துதான் வெளியே வரும் என்பதால், வழி பம்பித் தலையைவிடச் சில சென்ரிமீற்றர் அகலமாக இருக்க வேண்டும். தரையை விறைப்பாக வைத்திருக்கும் மடிப்புகள், குறுக்குச் சட்டம், இருக்கைப் பட்டி பூட்டிய இடம் ஆகியவற்றில் கோடு விழுகிறதென்றால் வெட்டும் எண்ணத்தை விட்டுத் தாங்கியை இறக்குங்கள்.

தகட்டை எடுத்தபோது தாங்கியின் மேல் செம்மண் தூசி ஒரு விரல் தடிப்பில் படிந்து கிடந்தது. கிரவல் வீதிகளில் ஓடும் எந்த வாகனத்திலும் இப்படித்தான் இருக்கும். வண்ணம் பூசும் தூரிகையால் கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, வெட்டிய தூள் ஒன்றும் இல்லை என்று கண்ட பின்னரே பம்பியைத் தாங்கியோடு பிடித்திருக்கும் பூட்டு வளையத்தைத் திருப்பினேன். உள்ளே ஒரு சிட்டிகை மண் விழுந்தாலும் புதிய பம்பி அதை விழுங்கும். வளையத்தின் இறப்பரையும் அடி வடிகட்டியையும் புதிதாகவே போடுங்கள். மூடுவதற்கு முன்னர் பற்றரியைப் பூட்டி, திறப்பை நான்கைந்து தடவை திருப்பி, மூட்டுகளில் ஈரம் கசிகிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள்.

மூடும் வேலையைச் சிலர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். என் தங்கை குடும்பம் வாங்கிய பாவித்த காரில், முன்பு யாரோ வெட்டிய வழியைக் கூரைத் தகரத் துண்டாலும் சாதாரண சிலிக்கனாலும் அடைத்திருந்தார்கள். வவுனியாவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளை வாந்தி எடுத்தாள். வீதிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே எண்ணியிருந்தோம். இருக்கையைத் தூக்கியபோது பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. சிலிக்கன் பசை இழந்து உரிந்திருந்தது. நீண்ட திருகாணிகளின் கூர்முனைகள் பிளாஸ்ரிக் தாங்கியை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து ஒரு வாகனம் மோதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே நெஞ்சு பதறியது.

ஆகவே, வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சை இரண்டு தடவை பூசி உலர விடுங்கள். ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள புதிய தகட்டைச் சுற்றிவர 3 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, வாகன உடலுக்குப் பாவிக்கும் பொலியூரிதேன் பசையைத் தொடர்ச்சியாக இட்டு, நுனி கீழே நீளாத குட்டைத் திருகாணிகளால் இறுக்குங்கள். வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டவைக்க வெல்டிங் பிடிப்பதை, கீழே தாங்கி இருக்கும் வரை, எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

பசை காய்ந்த பின்னர், கண்ணாடிகளைப் பூட்டி, காரை ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் கதவைத் திறந்தவுடன் பெற்றோல் மணம் வரக் கூடாது. முதல் பெருமழையில் வெள்ளம் நிற்கும் வீதியால் ஓடிவந்த பிறகு, கம்பளத்தைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் தகட்டைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் சுரண்டி, திரும்பவும் மூடுங்கள்.