ப்ராசஸரை மாற்றுவதா, ராமைக் கூட்டுவதா?

கேள்வி: 2017-இல் வாங்கிய என் கணினியில் ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, 8 ஜிபி ராம் உள்ளன. வீடியோ எடிட்டிங்கின்போது மிகவும் திணறுகிறது. ரைசன் 5 5600 போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். அந்தச் செலவு தகுமா?

பதில்: தகும் என்றே நினைக்கிறேன், ஆனால் முதல் செலவு அதுவாக இருக்க வேண்டியதில்லை. கணினி திணறிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்க, ப்ராசஸர் 30, 40 சதவீதத்திலேயே இருந்தால், ராமில் இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்கை நாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் எவ்வளவு வேகமான ப்ராசஸரைப் பொருத்தினாலும் அதுவும் காத்துத்தான் கிடக்கும். 8 ஜிபி என்றதுமே என் சந்தேகம் அதன்மீதுதான் விழுகிறது. 16 ஜிபியாகக் கூட்டிப் பாருங்கள். இரண்டு ப்ராசஸர்களுக்கும் டிடிஆர்4 வகை ராம்தான் என்பதால் அந்த ராம் பின்னாளில் வீணாகாது.

ப்ராசஸரின் மொத்தச் சதவீதத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. 1600-இல் 6 கோர்கள் (கணக்கிடும் தனி அலகுகள்), 12 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). ஒரே த்ரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதமாகவே தெரியும். வரைபடத்தின்மீது வலது கிளிக் செய்து, லாஜிக்கல் ப்ராசஸர், அதாவது த்ரெட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது பன்னிரண்டும் உச்சத்தில் நின்றால் 5600 கைகொடுக்கும். அதிலும் 6 கோர்கள்தாம் என்றாலும், ஒவ்வொரு கோரின் வேகமும் வெகுவாகக் கூடியிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கான ப்ராசஸர் பட்டியலில் 1600 இல்லை, 5600 உண்டு. ப்ராசஸரை மாற்ற, வேகத்தைவிட இதையே நான் வலுவான காரணமாகக் கருதுவேன்.

பி350 போர்டுகள் தொடக்கத்தில் 5600 அடங்கிய 5000 வரிசையை ஏற்கவில்லை. 2022-இல்தான் அதற்கான பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பரவலாக வந்தது. உங்கள் போர்டின் மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் பட்டியலில் 5600 இருக்கிறதா என்று உறுதிசெய்து, பழைய ப்ராசஸர் பொருத்தியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். இரண்டுமே 65 வாட் என்பதால் பவர் சப்ளையை மாற்றத் தேவையில்லை. ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றும்போது மட்டும் நிதானம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தப் பூசிய பேஸ்ட் உலர்ந்து ஒட்டிக்கொண்டு ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, பின்களை வளைத்துவிடுவதுண்டு. ஆகவே கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்தபின் கூலரை மெல்லத் திருகி எடுங்கள்.