ஆறு பேர், ஒரே தொடர், ஆறு கடிகாரம்

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். 2003இல் வந்த டெக்னோலைஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடரை இணையம் வழியாகச் சேர்ந்து பார்க்கிறோம். நான்கு பேருக்கு ஒரே ஸ்ட்ரீமிங் தளத்தில் கணக்கு இருக்கிறது, இரண்டு பேரிடம் வட்டிலிருந்து எடுத்த கோப்பு இருக்கிறது. எல்லோரும் ஒன்றாகத்தான் தொடங்குகிறோம். பாதி எபிசோடுக்குள் ஒருவர் அரை நிமிடம் முன்னே போய்விடுகிறார், இன்னொருவர் பத்து வினாடி பின்தங்கிவிடுகிறார். பேச்சில்லாத காட்சிகளில் யார் எங்கே இருக்கிறோம் என்றே தெரிவதில்லை. இப்போது ஒருவர், மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் தன் 'அறை'யில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓட்டித் தருவதாகச் சொல்கிறார். எங்களில் யாராவது ஒருவருடைய பாஸ்வேர்டும் வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், பாஸ்வேர்ட் கண்டிப்பாக வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பத்து வினாடியைச் சரிசெய்வோம்.

பாத்திரங்கள் ஓயாமல் பேசும் தொடரில் இரண்டு வினாடி பிசகினாலே காது கண்டுபிடித்துவிடும். மற்றவர் மைக்கில் கசியும் வசனம் எதிரொலிபோலக் கேட்கும், உடனே யாராவது நிறுத்தச் சொல்வார்கள். டெக்னோலைஸின் முதல் எபிசோடில் பேச்சு மிகச் சொற்பம். அங்கே பிசகைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லாததால், அது சத்தமில்லாமல் வளர்ந்து அரை நிமிடமாகிறது. ஆகவே மெதுவான தொடருக்குக் காதை நம்பக் கூடாது, கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும்.

படத்தை ஒருவர் ஓட்டி மற்றவர்களுக்கு அனுப்பக் கூடாது. அவரவர் பிரதி அவரவர் கணினியில் ஓடட்டும். பிளே, பாஸ் பொத்தான்கள் மட்டும் பொதுவாக இருக்கட்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆறு பேருக்கும் ஒரே தளத்தில் கணக்கு இருந்தால், அந்தத் தளத்தை ஆதரிக்கும் டெலிபார்ட்டி போன்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) போதும். ஆறு பேரிடமும் கோப்பு இருந்தால் சிங்க்பிளே என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. விஎல்சி, எம்பிவி ஆகிய பிளேயர்களோடு அது சேர்ந்து வேலை செய்யும். அது படத்தை அனுப்பாது, நேரத்தை மட்டும் ஒப்பிடும். ஒருவர் சற்றே முந்தினால் அவருடைய வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், 4 வினாடிக்கு மேல் முந்தினால் பின்னுக்கு இழுக்கும். கோப்பின் பெயர், அளவு, நீளம் பொருந்தாவிட்டால் அறிவிக்கும். அந்த அறிவிப்பை யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள், முக்கியமாக நீளத்தை.

உங்களைப்போல நான்கு பேர் தளத்திலும் இரண்டு பேர் கோப்பிலும் இருந்தால் இந்த இரண்டுமே உதவாது. எண்ணித் தொடங்குவதுதான் வழி. எல்லோரும் எபிசோடைத் திறந்து, தலைப்பு திரையில் தோன்றும் நொடிக்கு நகர்த்தி, பாஸில் வைத்து, அரை நிமிடம் காத்திருங்கள். அதற்குள் பஃபர், அதாவது முன்கூட்டியே இறங்கி நிற்கும் வீடியோப் பகுதி, நிரம்பிவிடும். பிறகு ஒருவர் மட்டும் "மூன்று, இரண்டு, ஒன்று, போடு" என்று சொல்லட்டும். 0:00இலிருந்து தொடங்காதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு பிரதியிலும் முன்னால் ஒட்டப்பட்ட நிறுவனச் சின்னத்தின் நீளம் வேறு. எபிசோடின் நடுவே பாகம் பிரியும் இடம் இருந்தால் அங்கே ஒருமுறை நிறுத்தி மறுபடி எண்ணுங்கள். இல்லாவிட்டால் 12ஆவது நிமிடத்தை ஒட்டிக் காட்சி மாறும் ஓர் இடத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் பிசகு ஒரு வினாடிக்குள் நிற்கும். எல்லோரும் கணினியிலேயே பாருங்கள். விளம்பரத்தோடு வரும் மலிவுத் திட்டத்தில் யாராவது இருந்தால், எந்த முறையும் அவரைக் காப்பாற்றாது. விளம்பரம் ஆளுக்கு ஆள் வேறு நீளத்தில் வரும்.

இனி அந்த 'அறை'க்காரர். இவர்கள் செய்வது இதுதான்: உங்களில் ஒருவர் கணக்கால் தங்கள் சர்வரில் ஒரு பிரவுசரைத் திறந்து, அந்தத் திரையை எல்லோருக்கும் அனுப்புவார்கள். அதே கணக்கை வேறு குழுக்களுக்கும் விற்க அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரே நேரத்தில் இத்தனை திரைதான் என்ற வரம்பு உங்கள் கணக்குக்கு உண்டு. அதை வேறு யாரோ நிரப்பிவிட்டால் வெள்ளிக்கிழமை இரவு வெளியே நிற்பது நீங்கள். சந்தேகம் வந்து தளம் கணக்கைப் பூட்டினாலும் உங்கள் கணக்குதான் பூட்டப்படும். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் கதை தொடரோடு முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே கணக்கு அமைப்பில் 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தி, பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றியும் வெளியேற்றாமல் விட்டால், சில தளங்களில் பழைய பிரவுசர் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்டென்ஷன்களிலும் இதே பொறி உண்டு. நிறுவும்போது 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்டால் நிறுத்துங்கள். ஒரு தொடரை ஒத்திசைக்க அந்த ஒரு தளத்தின் அனுமதி போதும். குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்துக்குப் போய் 'குறிப்பிட்ட தளங்களில் மட்டும்' என்று மாற்றலாம். 'இந்த வீடியோ ஓட கோடெக் பேக் (வீடியோ வகைகளைப் படிக்க உதவும் கூடுதல் மென்பொருள்) தேவை' என்று ஒரு பக்கம் சொன்னால் உடனே மூடுங்கள். விஎல்சிக்கு எந்தப் பேக்கும் தேவையில்லை.

இந்த ஆட்கள் பிழைப்பதற்குத் தளங்களே காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். மக்கள் சேர்ந்து பார்க்க விரும்புகிறார்கள் என்று நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். ப்ரைம் வீடியோவில் இதற்கென்றே இருந்த வாட்ச் பார்ட்டி வசதி 2024இல் நிறுத்தப்பட்டது. ஒரு நாட்டில் இருக்கும் தொடர் அடுத்த நாட்டில் இல்லை, உரிமம் முடிந்தால் பாதியில் மறைகிறது. ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்களுக்கு வழியை அடைத்துவிட்டு, திருட்டு அறைகள் பெருகிவிட்டன என்று புலம்புவதில் நியாயமே இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தொடங்கும் முன் ஆறு பேரும் தங்கள் கணக்கில் 22ஆவது எபிசோட் திறக்கிறதா என்று பாருங்கள். முதல் எபிசோட் இருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை.

"டிஸ்கார்டில் ஸ்க்ரீன் ஷேர் செய்தால் போயிற்று" என்பார்கள், அதாவது அந்தக் குரல் அரட்டைச் செயலியில் ஒருவர் தன் திரையை மற்றவர்களுக்குக் காட்டுவது. நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுள்ள வீடியோ மறுமுனையில் கறுப்பாகத்தான் தெரியும். அதைத் தாண்டக் குறுக்குவழிகள் சொல்லித்தருவார்கள், அவை தளத்தின் விதிகளுக்கு எதிரானவை. கடந்தாலும் பயனில்லை. டிஸ்கார்டின் இலவசக் கணக்கில் கிடைப்பது 720பி தெளிவு, வினாடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்). இந்தத் தொடரில் பாதி நடப்பது இருட்டில். இருட்டின் மெல்லிய படிநிலைகளை அனுப்புவதற்காக வீடியோவைச் சுருக்குவது சதுரம் சதுரமாக உடைத்துவிடும்.

வட்டுக் கோப்பு வைத்திருக்கும் இருவருக்கு ஒரு சோதனை. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். அனிமே பெரும்பாலும் வினாடிக்கு 23.976 பிரேம். வினாடிக்கு 25 பிரேம் காட்டும் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறை இருந்த நாடுகளுக்கு வந்த வட்டுகள் சிலவற்றில் படத்தையே வேகமாக்கி 25க்கு ஏற்றியிருப்பார்கள். 24 நிமிட எபிசோட் அதில் சுமார் 23 நிமிடத்தில் முடிந்துவிடும், அதாவது கிட்டத்தட்ட ஒரு நிமிட வித்தியாசம். நடுவில் நின்று பார்த்தால் அரை நிமிடம். உங்கள் அரை நிமிடம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கண்டுபிடிக்க, தலைப்பு தோன்றும் நேரத்தையும் முடிவுப் பாடல் தொடங்கும் நேரத்தையும் இரண்டு பிரதிகளிலும் குறியுங்கள். இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஒன்றேயானால், ஐந்தோ பத்தோ வினாடி எதுவாக இருந்தாலும், அது முன்னால் ஒட்டிய சின்னம்தான். தலைப்பிலிருந்து எண்ணித் தொடங்கினால் தீர்ந்தது. முடிவில் வித்தியாசம் பெருகியிருந்தால் அது வேகம். எம்பிவியில் வேகத்தை 0.959 என்று வையுங்கள், ஏனென்றால் 23.976ஐ 25ஆல் வகுத்தால் அதுதான் வரும். குரலின் சுருதியும் சற்று மேலே ஏறியிருக்கும். அதையும் இறக்க வேண்டுமானால் அதே பிளேயரில் சுருதித் திருத்தத்தை அணையுங்கள். எல்லா பால் வட்டும் இப்படி இல்லை. வேகத்தைத் தொடாமல் பிரேம்களைக் கலந்து மாற்றிய வட்டுகளும் உண்டு. அவற்றில் நீளம் சரியாக இருக்கும், அசைவில் மட்டும் நிழல் படியும். அதனால் உறையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். வேகமாக்கிய கோப்பை சிங்க்பிளேயில் சேர்க்கவே வேண்டாம். அது நேரத்தை மட்டும் ஒப்பிடுவதால், நேரம் ஒத்திருக்கும்போதே காட்சி விலகிக்கொண்டே போகும்.

அடுத்தது சத்தம். விண்டோஸில் யாராவது குரல் அழைப்பில் பேசினால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு தானாகவே இயக்கத்தில் இருக்கும். ஒலி அமைப்பின் 'தகவல்தொடர்பு' தாவலில் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுங்கள். டிஸ்கார்டிலும் இதேபோன்ற அமைப்பு உண்டு, அதைப் பூஜ்யமாக்குங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் அதன் மைக்கைத் திறந்த கணமே ஒலி தொலைபேசித் தரத்துக்கு விழும். பின்னணி இரைச்சலும் காலடிச் சத்தமுமாகப் போகும் தொடருக்கு அது பெரிய இழப்பு. மைக்காக மடிக்கணினியின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் நல்ல தரத்திலேயே இருக்கும். ஓடும்போது எல்லோரும் மியூட். சொல்ல வேண்டியதை நிமிடக் குறிப்போடு எழுதிவைத்து முடிந்தபின் பேசுங்கள்.

ஓர் உட்காரலுக்கு இரண்டு எபிசோட், அதற்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் எந்தக் குறிப்பு எந்த எபிசோடில் வந்தது என்பதே குழம்பி, பேச்சு சாரமற்றுப் போகும். வாரம் ஒரு முறை என்றால் 22 எபிசோடும் 11 வாரத்தில் முடிந்துவிடும். ஏற்கெனவே பார்த்தவர் குழுவில் இருந்தால் "கொஞ்சம் பொறுங்கள், புரியும்" என்றுகூடச் சொல்லக் கூடாது. மர்மத் தொடரில் அதுவும் ஒரு குறிப்புதான்.

ஒவ்வொருவரும் தங்கள் கணக்கில் 'அடுத்த எபிசோடைத் தானாக ஓட்டு' என்பதை இன்றே அணைத்து வையுங்கள். பல தளங்களில் இது பிளேயரில் இருக்காது, கணக்கு அமைப்பில்தான் இருக்கும். 'முடிவைத் தாண்டு' பொத்தானையும் யாரும் தொடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வழியாகப் பார்க்கும்போது ஒருவர் தொட்டால் ஆறு பேரும் தாண்டுவீர்கள், பெயர்ப்பட்டியலுக்குப் பின்னால் ஒரு காட்சி இருந்தால் அதுவும் போய்விடும்.