கராத்தே, ஜூடோ, சிலம்பம்: எதில் சேரலாம்? வேலூர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

நான் வேலூரில் சிலம்பம் சொல்லித் தருகிறவன். அதற்கு முன்னால் கராத்தே, இடையில் ஜூடோ. புதிதாகச் சேரப் போகிறவர்களும், ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக நினைக்கிறவர்களும் கேளுங்கள்.

ராணிப்பேட்டை: சார், ஸ்கூல்ல ஷோட்டோகான் கராத்தே பண்ணேன். இப்ப வயசு 32, தோல் கம்பெனியில ஷிப்ட் வேலை. ஜூடோ, சிலம்பம் ரெண்டுல எதுல சேரலாம்?

எதில் வேண்டுமானாலும் சேரலாம் தம்பி, 32 ஒரு வயசே இல்லை. ஆனால் பழைய பழக்கம் எங்கே குறுக்கே வரும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கராத்தேயில் ஒரு கை குத்தும்போது மற்ற கை இடுப்புக்கு வந்துவிடும். ஜூடோவில் பிடித்த சட்டையை விடக்கூடாது. உங்கள் கை தானாகப் பிடியை விட்டு இடுப்புக்கு ஓடும்; அதை அடக்கவே சில மாதம் ஆகும். அதற்கும் முன்னால் விழக் கற்க வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை நீட்டி தரை மெத்தையை (மேட்) தட்டி விழுவது. அது கைவராமல் யாரையும் உங்களைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

சிலம்பத்தில் சிக்கல் காலில். ஷோட்டோகானில் முன்காலை நீட்டி வைத்து, முட்டியை மடக்கி ஊன்றி நிற்பீர்கள். கம்பு சுத்தும்போது அப்படி நின்றால், கீழே இறங்கும் முனை நேராக உங்கள் கணுக்காலில் அடிக்கும். அதனால் ஆரம்பத்தில் கம்பை ஓரமாக வைத்துவிட்டு காலடி மட்டும் போடுங்கள். கால் ஓட ஆரம்பித்த பிறகு கம்பைத் தொடலாம்.

இரண்டுக்கும் சேர்த்து ஒன்று: சிமெண்ட் தரையில் ஜூடோ சொல்லித் தருகிற இடம் என்றால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

காந்தி நகர்: பொண்ணுக்கு 8 வயசு. டேக்வாண்டோவா, கராத்தேவா?

இந்த வயசில் வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் அம்மா. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு வித்தியாசம்: டேக்வாண்டோ 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. கராத்தே டோக்கியோவில் மட்டும் வந்தது, பாரிஸில் இல்லை. ஒரு நாள் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். எகிறி உதைக்கிற பிள்ளைகளின் காலுக்குக் கீழே மேட் இருக்கிறதா, சிமெண்ட் தரையா என்று முதலில் கவனியுங்கள்.

சத்துவாச்சாரி: எல்லாத்துலயும் பெஸ்ட் எது?

நல்ல வாத்தியார் எங்கே இருக்கிறாரோ, அது.

காட்பாடி: சிலம்பம் திருவிழாவுல சுத்திக் காட்டத்தான் சார். சண்டைன்னு வந்தா கராத்தேதான்.

குடியாத்தம்: காட்பாடி அண்ணன் இன்னும் கம்படி வாங்கினதில்ல போல!

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கலையின் பேரை வைத்துப் பேசுகிறீர்கள். எதிரே நிற்கிறவன் இணங்காமல் நிற்கிறானா, அவன் மேல் பழகுகிறீர்களா என்பதை வைத்துப் பேசுங்கள்.

அலங்கார வீச்சு மட்டும் கற்றவனுக்கு மணிக்கட்டு ஓடும், கை மாறும். ஆனால் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று கண்ணுக்குத் தெரியாது. எதிரே ஒருவன் கம்போடு வந்து, உடம்பில் தொட்டால் புள்ளி என்று நின்ற பிறகுதான் அது தெரியும். இதுதான் தொடுமுறை. தொடுமுறை சொல்லித் தராத இடத்தைப் பார்த்துவிட்டு காட்பாடிக்காரர் பேசுகிறார் என்றால், அந்த இடத்தைப் பற்றி அவர் சொல்வது சரி. சிலம்பத்தைப் பற்றிச் சொல்வது தப்பு.

அதே அளவுகோலை கராத்தே மேலும் வையுங்கள். கியோகுஷின் என்ற கராத்தே வகையில் முழு வேகத்தில் அடிப்பார்கள், ஆனால் முகத்தில் குத்தக்கூடாது; அதனால் பலருக்குக் கை முகத்தைக் காக்காமல் கீழே இறங்கிவிடும். டேக்வாண்டோ போட்டியில் தலையில் உதைக்கலாம், குத்த முடியாது. அங்கேயும் கை இறங்கும். பாக்ஸிங்காரருக்குக் காலில் விழும் உதை பழக்கமில்லை. எந்த விதியை வைத்துப் பழகுகிறோமோ, அந்த விதி விட்ட இடத்தில் ஓட்டை விழும். 1882-ல் ஜிகோரோ கானோ ஜூடோவை அமைத்தபோது ஆபத்தான பிடிகளை ஒதுக்கிவிட்டு, மீதியை முழு பலத்தோடு எதிர்க்கிறவன் மேல் பழக வைத்தார். அந்தப் பழக்கம்தான் ஜூடோக்காரனுக்குப் பலம்.

காட்பாடி: அப்ப கட்டா வேஸ்டா?

அப்படிச் சொல்லவே இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில், எதிராளி இல்லாமல் செய்து காட்டும் கட்டாவுக்குத் தனிப் பதக்கம், எதிராளியோடு மோதும் குமிதேவுக்குத் தனிப் பதக்கம். நம் தனிவீச்சும் தொடுமுறையும் அதே மாதிரி. இரண்டையும் பழகுங்கள். குடியாத்தம் தம்பி, நீங்களும்தான். கம்படி என்று மிரட்டுவதை விட்டு, ஒரு நாள் இரண்டு பேரும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு எதிரெதிரே நில்லுங்கள்.

ஆற்காடு: போதிதர்மர் நம்ம காஞ்சிபுரத்துக்காரர். குங்ஃபூ, கராத்தே எல்லாமே நம்மகிட்ட இருந்து போனதுதானே?

இல்லை ஐயா. அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547-ஐ ஒட்டியது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. தென்னிந்தியர் என்று சொல்வது வேறொரு குறிப்பு. அவர் பேரில் சொல்லப்படும் உடற்பயிற்சி நூல் 1624-ல் வந்தது, ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியது. கராத்தே ஒகினாவாவில் வளர்ந்தது. ஃபூஜியன் பக்கத்துச் சீனக் கலைகளின் தாக்கம் அதில் உண்டு. நமக்குச் சிலம்பம் இருக்கிறது. இரவல் பெருமை தேவையில்லை.

வாலாஜா: வர்மம் ஆன்லைன்ல 10 நாள்ல கத்துக்கலாமா?

முடியாது. வர்மம் என் துறையும் இல்லை. குமரி மாவட்டத்து ஆசான்களிடம் நேரில் போங்கள்.

பாகாயம்: முட்டி வலிக்குது, எந்த ஸ்டைல் நல்லது?

முதலில் எலும்பு டாக்டர். அவர் சரி என்றால் பிறகு கேளுங்கள்.

திருவலம்: எது சார் பெஸ்ட்?

சத்துவாச்சாரிக்குச் சொன்ன பதில்தான். மேலே படியுங்கள்.

அணைக்கட்டு: சிலம்பம் கத்தா கவர்மெண்ட் வேலை கிடைக்குமா?

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக (டெமோ) இருந்தது. வேலை, இடஒதுக்கீடு, எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதையெல்லாம் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். சான்றிதழ் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரிடம் கட்டும் முன்னால் அங்கே போய்விடுங்கள்.

ஆம்பூர்: எத்தனை மாசத்துல பிளாக் பெல்ட்?

மாசக் கணக்கு சொல்லி, முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிற இடத்தில் சேராதீர்கள். மாசாமாசம் பீஸ் கட்டுகிற மாதிரி இடமாகப் பாருங்கள். தரையையும் பாருங்கள்.