கொழும்பு பார்க்கப் போகிறீர்களா? வன்னி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கைக்கு வரும் மாசி, பங்குனியில்தான் இந்தக் கேள்விகள் என்னிடம் அதிகம் வரும். குடும்பங்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வன்னியிலிருந்து கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவது என் தொழில். கேட்பவர்களில் பலர் கொழும்புக்குப் போகாதவர்கள் இல்லை. பாஸ்போட் எடுக்க, விசா நேர்முகத்துக்கு, மகரகம ஆஸ்பத்திரிக்கு, வெளிநாடு போகிறவரை ஏற்றிவிட என்று எத்தனையோ தரம் போயிருப்பார்கள். அலுவல் முடிந்தால் அன்றிரவே பஸ். பார்ப்பதற்கென்றே போனவர் குறைவு. அதனால் என் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு பிடிவாதம் தெரியும்: அலுவலையும் ஊர் பார்ப்பதையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். பாஸ்போட்டுக்கு இப்போது வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது. அதை அங்கே முடித்துவிட்டு, கொழும்புக்குக் கைவீசிக்கொண்டு போங்கள்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தாய்: பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று நாள் நிற்கப்போகிறோம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினான்கு எழுதி வைத்திருக்கிறேன். முடியுமா?

முடியாது, பிள்ளை. பாதியை வெட்டுங்கள். கொழும்பில் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, வீதி நெரிசல். பகல் பதினொரு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓட்டோவில் வெளிக்கிட்டுப் பாருங்கள், விளங்கும். அதனால் நாளுக்கு நகரத்தின் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை மட்டும். வெயில் ஏறினால் மிருகங்களும் படுத்துவிடும், பிள்ளைகளும் சிணுங்கும். ஆகவே வெள்ளனப் போய் மத்தியானச் சாப்பாட்டோடு வெளியே வந்துவிடுங்கள். பின்னேரம் அறையில் படுத்து எழும்பி, கடற்கரையில் நடக்கலாம். இரண்டாம் நாள் தேசிய அருங்காட்சியகம், அதன் பக்கத்திலேயே விகாரமகாதேவி பூங்கா, பிறகு கங்காராமய விகாரை. விகாரைக்குக் கிட்டப் பேரே வாவியின் தண்ணீருக்கு மேலே நிற்கும் சீமா மாலகத்தையும் பாருங்கள். ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. அங்கிருந்து பின்னேரம் காலிமுகத்திடல். மூன்றாம் நாள் காலையில் புறக்கோட்டை, மாலையில் தாமரைக் கோபுரம். இரண்டும் கிட்டக் கிட்ட.

தாமரைக் கோபுரம் 2022 செப்டெம்பரில்தான் மக்களுக்குத் திறக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 350 மீற்றர். பொழுதுபடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேலே போய்விட்டால், ஒரே டிக்கெட்டில் துறைமுகத்தைப் பகல் வெளிச்சத்திலும் நகரத்தை விளக்கு வெளிச்சத்திலும் பார்க்கலாம். சனி, ஞாயிறு வேண்டாம், வரிசை நீளும்.

புதுக்குடியிருப்பு வாசகர்: பஸ்ஸா, கோச்சியா?

பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் கோச்சி. முல்லைத்தீவு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக்கு ரயில் இல்லாதபடியால் நீங்கள் மாங்குளத்துக்கு வந்துதான் ஏறவேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஈடு, கால் நீட்டலாம், எழும்பி நடக்கலாம், மலசலகூடம் உண்டு. யாழ்தேவியும் மற்ற வண்டிகளும் ஓடும் நேரங்கள் அவ்வப்போது மாறுகின்றன. முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்யுங்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் ஆசன முன்பதிவு இல்லாமல் போனால் நின்றுகொண்டுதான் போகவேண்டி வரும். முன்பதிவில் கொடுத்த அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள்.

இரவு பஸ்ஸில் ஒரு வசதி, பகல் வீணாகாது. ஒரு தொல்லை, விடியமுன் வெள்ளவத்தையில் இறக்கிவிடுவான், அறை கிடைப்பது மத்தியானம். லொட்ஜுக்கு முதல் நாளே போன் பண்ணி, "விடிய வந்தால் குளித்து உடுப்பு மாற்ற இடம் தருவீர்களா, அதற்குத் தனிக் காசா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பல இடங்களில் சமாளித்துத் தருவார்கள். கேட்காமல் போனால் பொதிகளோடு வரவேற்பறையில் தூங்கி விழுந்துகொண்டு இருக்க வேண்டியதுதான்.

மல்லாவியிலிருந்து ஒரு ஆசிரியை: பிள்ளைகள் மியூசியம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். தேவைதானா?

ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக நின்று காட்டினால் யார்தான் சுளிக்கமாட்டார்கள்? மூன்றே பொருளைத் தேடிப் போங்கள்.

முதலாவது காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்த கல் அது. அதில் பொறித்த ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயில் தெய்வமான தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறைப்படியும் காணிக்கைகளைச் சொல்கிறது. 1911 இல் அது கண்டெடுக்கப்பட்டபோது காலி நகரில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது! எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. நேரே பார்த்தால் வெறும் கல்தான். கொஞ்சம் பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் சரிந்து விழும் கோணத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தமிழ் எழுத்தைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. "எனக்கு ஒரு 'ய' தெரியுது!" என்று ஒருவன் கத்தினால் மற்றவர்கள் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

இரண்டாவது, பொலன்னறுவையில் தோண்டியெடுத்த சைவ வெண்கலங்கள். நடராசரைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கையில் தாளத்தோடு எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைத் தேடுங்கள். சமயபாடப் புத்தகத்தில் படித்தவரை அங்கே நேரே காணலாம்.

மூன்றாவது, கண்டி அரசர்களின் சிம்மாசனம். 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வரை அதில் இருந்தார்கள். ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டுபோய் 1934 இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த மூன்றும் பார்த்த பிறகு பிள்ளைகள் வெளியே ஓடினால் விடுங்கள். முன்னால் பெரிய ஆலமரங்கள் நிற்கின்றன, 1877 இல் கவர்னர் கிரெகரி காலத்தில் திறந்த வெள்ளைக் கட்டடமும் பார்க்க அழகுதான்.

மாங்குளத்திலிருந்து நான்கு நண்பர்கள்: ஓஎல் சோதனை முடிந்துவிட்டது. கையில் காசு குறைவு. ஒரு நாள் முழுக்கச் சுற்ற என்ன வழி?

தம்பிமாரே, காசு குறைந்தவனுக்கு ஏற்ற நகரம் கொழும்பு. நல்லவை பாதி இலவசம்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, நேரே கோட்டைக்குள் நடங்கள். சதாம் தெருவில், வீதிக்கு நடுவே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும். அது கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. 1857 இல் மணிக்கூடாகக் கட்டி, பிறகு கப்பலுக்கு விளக்கும் ஏற்றினார்கள். சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து கடலுக்கு வெளிச்சம் தெரியாமல் போனதால் 1950களில் விளக்கை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் விலைப் பட்டியலைப் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

பிறகு கரையோர ரயில். கொழும்பில் நான் எல்லாருக்கும் கட்டாயம் சொல்வது இதைத்தான். கோட்டையிலிருந்து தெற்கே போகும் வண்டியில் கல்கிசைக்கு டிக்கெட் எடுங்கள், பஸ் காசை விடப் பெரிதாக இராது. வலப்பக்க யன்னல் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று வழி முழுக்கக் கடல் தண்டவாளத்தின் ஓரத்திலேயே வரும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் தெறிப்பு முகத்தில் அடிக்கும். கந்தோர் விடும் நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள், கடலுக்குப் பதில் அடுத்தவன் முழங்கைதான் தெரியும். வாசல் படியில் தொங்குவதும் வேண்டாம், கம்பங்கள் மிகக் கிட்ட வரும்.

பின்னேரம் திரும்பி வந்து காலிமுகத்திடல். 1859 இல் கவர்னர் ஹென்றி வார்ட் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைக் காத்து வைக்கும்படி பின்வரும் கவர்னர்களுக்குச் சொல்லி ஒரு கல் நட்டிருக்கிறார், தேடிப் பாருங்கள். மாலை ஆறு மணியளவில் கொடி இறக்குவார்கள். பட்டம் விற்பவர்கள் சுற்றிவருவார்கள்.

இறால் வடை சாப்பிடாமல் வரமாட்டீர்கள் என்று தெரியும். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்ததை எடுத்துச் சூடாக்கித் தருகிற வண்டியை விடுங்கள். உங்கள் கண் முன்னால் பருப்பு மாவைத் தட்டி, ஓட்டோடு இறாலை அழுத்தி, எண்ணெய்க்குள் போடுகிற வண்டியில் வாங்குங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அதையும் விடுங்கள். நந்திக்கடல் இறால் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த இறால் ஒரு பொருட்டே இல்லை. வெங்காயமும் மிளகாயும் போட்ட அந்தச் சம்பலுக்காகத்தான் சாப்பிடுவது.

வவுனியா, பெயர் வேண்டாம் என்றவர்: லொட்ஜில் தங்கினால் முந்தி மாதிரி பொலிஸில் பதிய வேண்டுமா? அப்பா பயப்படுகிறார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 யூனில் வெள்ளவத்தை லொட்ஜுகளிலிருந்து நம்மவர்களை இரவோடிரவாகப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதை அந்தத் தலைமுறை மறக்காது. இப்போது சுற்றுலாவுக்குப் போகிறவர் பொலிஸுக்குப் போகத் தேவையில்லை. லொட்ஜில் அடையாள அட்டையைப் பார்த்துத் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அட்டை எடுக்காத வயதுப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் போட்டோ கொப்பி கொண்டு போங்கள். முதல் தரம் அப்பாவை வெள்ளவத்தையிலேயே தங்கவையுங்கள். கடைக்குக் கடை தமிழ் கேட்கும், இரண்டாம் நாள் அவரே தனியே போய்ப் பேப்பர் வாங்கி வருவார்.

ஒட்டுசுட்டான் ஐயா ஒருவர்: முழங்கால் வருத்தம். கோயில் மட்டும் போதும்.

ஐயா, தான்தோன்றீஸ்வரர் வாசலில் இருப்பவருக்குக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் பிடிக்கும். 1857 இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். கொழும்பின் இரைச்சல் அந்தத் தூண்களுக்குள் வராது. காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கிட்டத்திலேயே கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் போவதால் சனம் அதிகம், முழங்காலுக்கு அது சரிவராது. வேறு நாள் பாருங்கள். ஆடி மாதம் போனால் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் தேரையும் காணலாம். இரண்டு கோயிலுக்கும் ஓட்டோவிலேயே போங்கள், செயலி மூலம் பேரன் பிடித்துத் தரட்டும். விலை முன்பே தெரிந்துவிடும்.

அடம்பனிலிருந்து ஒரு அக்கா: தங்கையின் கலியாணச் சாமான் புறக்கோட்டையில் வாங்கலாமா? அப்படியே ஊரும் பார்க்கலாமே?

அக்கா, வாங்குவதும் பார்ப்பதும் வேறு வேறு நாள். இது நான் மேலே சொன்ன பிடிவாதம். வாங்கும் நாளில் வெள்ளன வெளிக்கிட்டு, ஒவ்வொரு தெருவுக்கும் உரிய பொருளைத் தெரிந்துகொண்டு போங்கள். நகை செட்டியார் தெரு. மின்சாதனமும் போன் சாமானும் முதலாம் குறுக்குத் தெரு. பலசரக்கு மொத்த விலைக்கு நான்காம் குறுக்குத் தெரு. மூலிகை, மருந்துச் சரக்குக் கபோஸ் ஒழுங்கை. நகைக்குப் பவுன் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். செய்கூலி, சேதாரம் இரண்டையும் தனித்தனியே கேட்டு, கரட் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஞாயிறும் போயாவும் பெரும்பாலான கடை பூட்டு. பின்னால் சுமை ஏற்றும் நாட்டாமை தள்ளுவண்டியோடு கத்திக்கொண்டு வந்தால் உடனே ஒதுங்குங்கள், அவருக்கு நிறுத்த வழியில்லை. கைப்பை முன்பக்கம் இருக்கட்டும்.

பரந்தன்: கனடாவிலிருந்து சித்தி குடும்பம் வருகிறது. டிக்கெட்?

அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை, தாமரைக் கோபுரம் எல்லாவற்றிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், பல மடங்கு. இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர் அதைக் கையோடு கொண்டு வரட்டும், கவுண்டரில் அதைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். "எங்கட பிள்ளையள்தானே" என்று வரிசையில் நின்று வாதாடாதீர்கள்.

துணுக்காய்: சிங்களம் தெரியாது. பஸ்ஸில் சமாளிக்கலாமா?

தாராளமாக. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் புறக்கோட்டைக்குப் போகும். இறங்கும் இடத்தின் பெயரைச் சொன்னாலே நடத்துநர் காசு சொல்வார். இறங்க "பஹினவா", விலை கேட்க "கீயத", இரண்டும் போதும். ஒன்று கவனம்: கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பகுதியில் ஒருவழிப் பாதை. இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று திரும்பும் பஸ்ஸைத் தேடாதீர்கள், அது டூப்ளிகேஷன் வீதியால் போகும்.

முள்ளியவளை: ஓகஸ்ட் விடுமுறையில் போனால் கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். நமக்கு வெயில் கொளுத்தும் அந்தக் காலம் மேற்குக் கரைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், மழையும் வரும். காலிமுகத்திடலில் எந்தக் காலத்திலும் இறங்கக்கூடாது. அங்கே கால் நனைப்பதோடு சரி. குளிக்க ஆசையென்றால் தை முதல் பங்குனி வரைக்குள் கல்கிசைக்குப் போங்கள், உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். ஓகஸ்டில்தான் போக முடியும் என்றால் ஒரு குடையும், மாற்றுச் செருப்பும், மழை பெய்தால் போக அருங்காட்சியகமும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.